தீப்பெட்டிக்குள் ஓர் ஆங்கில நிகண்டு

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், பட்டாசு ஆலைக்குப் போகும் குடும்பங்களில் பிறந்து கல்லூரிவரை வந்துவிட்ட பிள்ளைகள், உயர்தர ஆங்கிலச் சொற்களை அகரவரிசையில் அடுக்கிய கனத்த புத்தகமொன்றை வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு இருபது சொல் என்று சங்கற்பம் செய்து நெட்டுருப் போடுவதையும், மாதம் ஒன்று கழியுமுன் அவற்றை மறந்து தம் புத்தியையே நொந்துகொள்வதையும் கண்டு வருந்தியிருக்கிறேன். குறை புத்தியில் இல்லை. சுற்றத்தாரின்றித் தனியே வந்த சொல் மனத்தில் தங்காது.

நம் திண்ணைப் பள்ளிகள் இதை அறிந்திருந்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, தேவர் பெயர், மக்கள் பெயர் என்று இனத்தோடு இனம் சேர்த்த 12 தொகுதிகளாக, பாராயணத்துக்கேற்ற விருத்தங்களில் அமைந்தது. ஆங்கிலத்தில் அவ்வாறு இனங்காட்டுபவை கிரேக்க, லத்தீன் தாதுக்கள். அவற்றைத் தேடி இவ்வூர்ப் பிள்ளை வெகுதூரம் போகவேண்டியதில்லை. வாணவேடிக்கைக் கலையாகிய பைரோடெக்னிக்ஸில் முன்னிற்கும் 'பைர்' கிரேக்கத்தில் நெருப்பு. காய்ச்சல் மாத்திரையை வைத்தியர் ஆன்டிபைரடிக் என்பதிலும், சிதையைப் பயர் என்பதிலும் எரிவது அந்த நெருப்பே. பச்சை ஒளி தரும் பேரியம் 'கனம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்தது. காற்றின் கனத்தை அளக்கும் பாரோமீட்டர் அதன் பங்காளி. வெடிப்பதைச் சொல்லும் எக்ஸ்ப்ளோடோ ரோமாபுரியின் நாடகமேடையிலிருந்து வந்தது: சகிக்கவொண்ணாத நடிகனைச் சபையோர் கைதட்டிக் கூச்சலிட்டுத் துரத்துவதே அதன் ஆதிப்பொருளாதலால், பாராட்டிக் கைதட்டும் அப்ளாஸ் அதற்கு உடன்பிறப்பு. செவ்வொளி தரும் ஸ்ட்ரான்ஷியம் மட்டும், நாரணாபுரத்தைப் போன்றதொரு சிற்றூராகிய ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ஷியன் பெயரைச் சுமந்து நிற்கிறது.

சரவெடி பின்னும் தாய் ஒருத்தியின் மகள், தீப்பெட்டியின் பக்கத்தில் குச்சி உரசும் கருஞ்சிவப்புப் பட்டையைக் காட்டி, இது என்னவென்று ஒருநாள் கேட்டாள். சிவப்புப் பாஸ்பரஸ் என்றும், 'பாஸ்' என்றால் ஒளி, 'பரஸ்' என்றால் சுமப்பது என்றும் விளக்கினேன். சற்று நேரம் பேசாதிருந்தவள், "அப்போ மெட்டஃபர்ல வர்ற ஃபரும் அதுதானா சார்?" என்றாள். அதுவேதான், ஒரு பொருளின் தன்மையை இன்னொன்றின்மேல் கொண்டுபோய் ஏற்றும் உருவகத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ! அவள் அந்தக் கனத்த புத்தகத்தைத் திறந்து, மெட்டஃபர் என்ற சொல்லுக்கு அருகே பென்சிலால் ஒரு தீக்குச்சி வரைந்துகொண்டாள்.