கட்டளை சரி… பின் மட்டும் மாறாதது ஏன்? பீகிள்போன் போர்டின் ‘பின்மக்ஸ்’ ரகசியம்

குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் பக்கம் பொறியியல் படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்காக ‘பீகிள்போன் பிளாக்’ போர்டைக் கையில் எடுத்தால், ஓரிடத்தில் முட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். “கோடு சரியாத்தான் இருக்கு, எர்ரரும் வரல. ஆனா பின் மாறவே மாட்டேங்குது!”

காரணம் என்ன?

எதற்கு இன்னொரு பிராசஸர்?

2013-ல் வந்த இந்த போர்டில் லினக்ஸ் ஓடுகிறது. லினக்ஸ் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்ப்பதால், மைக்ரோ விநாடிக் கணக்கில் நேரம் தவறாமல் இயங்கும் என்று நம்ப முடியாது. வெப்பம், ஈரப்பதம் அளக்கும் டி.எச்.டி.22 சென்சாரை எடுத்துக்கொள்வோம். அது அனுப்பும் துடிப்பு சுமார் 27 மைக்ரோ விநாடி நீடித்தால் 0, சுமார் 70 நீடித்தால் 1. லினக்ஸ் கொஞ்சம் அசந்தாலும் கணக்கு தப்பிவிடும்.

இதற்காகவே சிப்புக்குள் ‘பி.ஆர்.யு.’ எனும் இரண்டு சிறு பிராசஸர்கள் உள்ளன. வேகம் 200 மெகாஹெர்ட்ஸ். பெரும்பாலான கட்டளைகளுக்கு 5 நானோ விநாடி போதும்.

பின்மக்ஸ் என்றால்?

சிப்புக்குள் வசதிகள் அதிகம், வெளியே பின்கள் குறைவு. எனவே ஒரு பின்னுக்கு 8 வேலைகள் வரை ஒதுக்கலாம். இப்போது எந்த வேலை என்று தேர்வு செய்வதே பின்மக்ஸ்.

டி.எச்.டி.22 சென்சாருக்கு டேட்டா கம்பி ஒன்றுதான். கேள்வியும் பதிலும் அதிலேயே போய்வர வேண்டும். பி.ஆர்.யு.வின் நேரடிப் பின்னில் ‘அவுட்புட்’, ‘இன்புட்’ இரண்டும் தனித்தனி மோடு. அப்படியானால் பி.ஆர்.யு.வே நடுவில் மோடை மாற்றிக்கொள்ளலாமே?

முடியாது. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலின் வேகம் ஓட்டுநர் கையில். தண்டவாளத்தை மாற்றும் ‘பாயின்ட்’ அவர் கையில் இல்லை. அதேபோல, பின்மக்ஸ் ரெஜிஸ்டரில் எழுதும் உரிமை முதன்மை பிராசஸரின் சிறப்பு நிலைக்கு, அதாவது லினக்ஸ் கெர்னலுக்கு மட்டுமே. பி.ஆர்.யு. எழுதினாலும் மதிப்பு மாறாது.

இது வீண் கெடுபிடி அல்ல. உதாரணமாக, பி8 வரிசையின் 45-வது பின்னை எச்.டி.எம்.ஐ. வசதியும் பயன்படுத்துகிறது. ஒரே கம்பியை ஒரு சிப் 3.3 வோல்ட்டுக்கு ஏற்ற, இன்னொன்று பூஜ்யத்துக்கு இழுத்தால் போர்டே போய்விடலாம்.

அப்படியானால் என்ன வழி?

* மோடை முன்கூட்டியே ‘டிவைஸ் ட்ரீ’ கோப்பிலோ, ‘கான்ஃபிக்-பின்’ கட்டளையாலோ அமைத்துவிட்டு, பிறகு பி.ஆர்.யு.வை இயக்கலாம்.

* இரண்டு பின்கள் பயன்படுத்தலாம். ஒன்று டிரான்சிஸ்டர் வழியாகக் கம்பியைக் கீழே இழுக்கும், மற்றொன்று படிக்கும்.

* பின்னைச் சாதாரண ஜி.பி.ஐ.ஓ. மோடில் விடலாம். அதன் திசையை மாற்றும் ரெஜிஸ்டரில் பி.ஆர்.யு. எழுத முடியும். கொஞ்சம் தாமதமாகும்; டி.எச்.டி.22-க்கு அது பெரிய சிக்கல் இல்லை.

* பி.ஆர்.யு. லினக்ஸுக்குத் தகவல் அனுப்பி மோடை மாற்றச் சொல்லலாம். ஆனால் எப்போது மாறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவசர வேலைக்கு இது ஆகாது.

எந்த வழியானாலும் சென்சாருக்கு 3.3 வோல்ட் மின்சாரமே கொடுங்கள். பீகிள்போன் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது.