பத்து மில்லியன் தலைப்பும் பதிவான தாளும்

2013 ஒக்டோபரில் லான்ஸ் ஃபிராங்க்ளின் ஹோதோர்ன் கழகத்தை விட்டு சிட்னி ஸ்வான்ஸுக்குப் போனபோது எல்லாப் பத்திரிகைகளும் இரண்டு எண்களைப் போட்டன: ஒன்பது ஆண்டு, பத்து மில்லியன் டொலர். மூன்றாவது ஒரு விஷயம் பலர் கண்ணில் படவில்லை. அவர் இடையில் ஓய்வு பெற்றாலும் முழுத்தொகையும் ஒன்பது ஆண்டுகளுக்கும் சிட்னியின் சம்பளக் கணக்கில் ஏறியே தீரும் என்று லீக்கை நடத்தும் ஏ.எஃப்.எல். நிபந்தனை போட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 26. ஒப்பந்தம் முடியும்போது 35. உடம்பையே முதலாக வைத்து ஆடும் ஒரு விளையாட்டில் இது துணிச்சலான கணக்கு. ஃபிராங்க்ளின் ஒன்பது ஆண்டையும் ஆடி முடித்தார், 2022இல் ஆயிரமாவது கோலையும் அடித்தார். சிட்னி மூன்று இறுதியாட்டங்களில் தோற்றது. கோப்பை வரவில்லை, ஆனால் கணக்கு உடையவும் இல்லை.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் சம்பளம் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இந்தத் தலைப்பு எண்ணோடு நின்றுவிடுகின்றன. ரசிகருக்கு அது போதும். பிள்ளை ஆடுகிற வீட்டுக்குப் போதாது. மெல்பேர்ணில் நம்மவர் பிள்ளைகளும் ஓஸ்கிக் என்ற சிறுவர் உதைபந்தாட்டப் பயிற்சிக்குப் போகத் தொடங்கிவிட்ட காலம் இது. அவர்களில் ஒருவர் நாளை, கழகங்கள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கப்படலாம். அதனால் ஒப்பந்தத் தாளில் என்ன இருக்கும், என்ன இருக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வது வீண்போகாது.

சம்பள உச்சவரம்பு 1987இல் வந்தது. அப்போது ஒரு கழகம் வீரர்களின் சம்பளத்துக்கு ஆண்டுக்குச் செலவிடக்கூடிய தொகை ஒன்றேகால் மில்லியன் டொலர். பணக்காரக் கழகங்கள் நல்ல வீரர்களையெல்லாம் வாங்கிவிட்டால் மற்றவை அழிந்துபோகும் என்ற பயமே காரணம். பயம் நியாயமானது. தென் மெல்பேர்ண் கழகம் கடனில் மூழ்கி 1982இல் சிட்னிக்கே குடிபெயர்ந்திருந்தது. அந்தக் கழகத்தின் சில்வியோ ஃபொஸ்சினி, மெல்பேர்ணிலேயே இருந்து சென்ற் கில்டாவுக்கு ஆட விரும்பினார். விடமாட்டோம் என்றார்கள். அவர் நீதிமன்றம் போனார். 1983இல் விக்டோரிய உயர் நீதிமன்றம், வீரர்களைக் கட்டிவைத்த அந்த விதிகள் தொழில் உரிமையை நியாயமின்றித் தடுப்பவை என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றைக்கும் விழுகிறது. டிராஃப்ட், உச்சவரம்பு, பரிமாற்ற விதிகள் எல்லாமே ஒரு தொழிலாளி எங்கே, எவ்வளவுக்கு வேலை செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்துபவைதாம். அவற்றுக்கு வலுத் தருவது வீரர்களின் சங்கம் பேசிக் கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தம். 2023இல் கையெழுத்தானது ஆண், பெண் இரு லீக்குகளையும் முதன்முறையாக ஒன்றாகச் சேர்த்தது. ஐந்தாண்டுக்கு 2.2 பில்லியன் டொலர்.

உச்சவரம்பு என்பதைப் பலர் மேல்கூரையாக மட்டும் பார்க்கிறார்கள். அடித்தளமும் உண்டு. கழகம் வரம்பில் 95 வீதத்தையாவது செலவழிக்கவேண்டும். முந்தைய ஆண்டு மிச்சம் பிடித்திருந்தால் 105 வீதம்வரை போகலாம். பணத்தை முன்னாண்டுகளில் கூட்டியோ பின்னாண்டுகளுக்குத் தள்ளியோ கொடுக்கலாம். இந்த இரண்டு சலுகைகளிலும்தான் கழகக் கணக்காளர்களின் முழு வித்தையும் இருக்கிறது, வில்லங்கமும் அங்கேதான். பானை ஒன்று, உண்பவர் நாற்பதுக்கு மேல். ஒருவருக்கு மில்லியன் போனால் இன்னொருவருக்குக் குறையும். அந்தக் குறை இந்த ஆண்டு தெரியாது, மூன்றாம் ஆண்டில் தெரியும்.

கொலிங்வூட் கழகத்துக்கு 2020இல் தெரிந்தது. நீண்ட ஒப்பந்தங்கள் குவிந்துவிட்டன. பரிமாற்றக் காலத்தின் கடைசி நாள்களில் ஒருவர் பின் ஒருவராக வீரர்களை வெளியேற்றினார்கள். அடம் ட்ரெலோருக்கு 2025வரை ஒப்பந்தம் இருந்தது, போகவும் மனமில்லை. கடைசியில் வெஸ்டர்ன் புல்டோக்ஸுக்குப் போனார், சம்பளத்தில் ஒரு பகுதியை கொலிங்வூட்டே தொடர்ந்து கொடுத்தது. அதே 2020இன் தொடக்கத்தில் ஏழாண்டு ஒப்பந்தம் பெற்ற புரோடி கிரண்டியும் 2022 முடிவில் மெல்பேர்ண் கழகத்துக்கு மாற்றப்பட்டார், அடுத்த ஆண்டே சிட்னிக்கு.

ட்ரெலோர் விஷயத்தில் ஓர் உரிமையைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. அமெரிக்க லீக்குகளில் வீரர் காலையில் எழுந்து தொலைபேசியைப் பார்த்துத்தான் தாம் வேறு ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்வார். இங்கே கையெழுத்து வேண்டும். ஆனால் "உனக்கு இங்கே இனி இடமில்லை" என்று கழகம் சொல்லிவிட்டால் அந்தக் கையெழுத்தை எத்தனை நாள் மறுக்கலாம்? உரிமை தாளில் முழுசாக இருக்கிறது, நடைமுறையில் அரைவாசிதான். நீண்ட ஒப்பந்தம் பணத்துக்குக் காவல். ஊருக்கும் உடைமாற்றும் அறையில் இருக்கும் இடத்துக்கும் அது காவலல்ல.

ஆனால் மிகப் பெரிய ஆபத்து கழகம் வெளியேற்றுவதில் இல்லை. கழகமும் வீரரும் முகவரும் ஒன்றாகச் சேர்ந்து சிரித்துக்கொண்டே எழுதும் இன்னொரு தாளில் இருக்கிறது.

கேர்ட் டிப்பெட் கதை இது. 2009இல் அடிலெய்ட் கழகத்தோடு அவர் ஒப்பந்தம் புதுப்பித்தபோது, லீக்கில் பதியாத ஓர் உடன்பாடும் சேர்ந்தே உண்டானது. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் விரும்பும் கழகத்துக்கு டிராஃப்டின் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கே விட்டுக்கொடுப்போம் என்பது ஒன்று, வெளிவருமானத்துக்குக் கழகமே உத்தரவாதம் என்பது மற்றொன்று. 2012இல் அவர் சிட்னிக்குப் போகக் கேட்டபோது அந்த வாக்கு வெளியே வந்தது. கழகத்துக்கு 3 இலட்சம் டொலர் தண்டம், 2013இன் முதல் இரண்டு சுற்றுத் தேர்வுகளும் பறிபோயின. தலைமை நிர்வாகி ஸ்டீவன் டிரிக் இடைநிறுத்தப்பட்டார். டிப்பெட்டுக்கு 50 ஆயிரம் டொலர் தண்டமும் 2013இல் 11 ஆட்டத் தடையும். அவரைக் காக்க எழுதிய வாக்குத்தான் அவரை உட்கார வைத்தது. இரகசியத் தாளைக் காட்டி எந்தத் தீர்ப்பாயத்திலும் நியாயம் கேட்க முடியாது. காட்டிய கணமே நீங்களும் குற்றவாளி.

கார்ல்டன் கழகம் இன்னும் கனமாக விழுந்தது. ஜோன் எலியட் தலைவராக இருந்த காலத்தில் மேசைக்கடியில் கொடுத்த பணம் 2002இல் அம்பலமானது. 9 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம். அந்த ஆண்டு டிராஃப்டின் முதலாவது, இரண்டாவது தேர்வுகள் கையைவிட்டுப் போயின. அவற்றில் கிடைத்திருக்கக்கூடிய பிரெண்டன் கொடார்டும் டானியல் வெல்ஸும் வேறு கழகங்களுக்குப் போனார்கள். கழக வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடம் பிடித்ததும் அதே ஆண்டுதான். எசெண்டன் கழகம் 1996இல் இதேபோல் பிடிபட்டபோது தண்டத்தோடு வரிப்பாக்கியும் வந்து நின்றது. மறைத்த பணம் லீக்குக்கு மட்டும் மறைந்ததல்லவே, வரித் திணைக்களத்துக்கும் மறைந்த பணம்.

எல்லா வெளிப்பணமும் கள்ளப்பணமல்ல. சப்பாத்து நிறுவனமோ கார் விற்பனையாளரோ வீரரோடு தனியாக ஒப்பந்தம் செய்யலாம். லீக்குக்கு அறிவிக்கவேண்டும், கழகத்தின் கை அதில் இருக்கக்கூடாது. சிக்கல் எங்கே வருகிறது? கிறிஸ் ஜட் கார்ல்டனுக்கு வந்தபோது, அப்போதைய கழகத் தலைவர் ரிச்சர்ட் பிராட்டின் விசி நிறுவனம் அவரைச் சுற்றுச்சூழல் தூதராக அமர்த்தியது. கழகத்துக்கு வேண்டியவர்கள் கொடுக்கும் பணம் உண்மையிலேயே தூதர் வேலைக்கா, பந்து உதைப்பதற்கா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. குடும்பத்தினர் வேலையும் இதே கண்ணில்தான் பார்க்கப்படும். டொம் ஸ்கல்லி கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போனபோது அவர் தந்தைக்கும் அங்கே வேலை கிடைத்தது. அந்தச் சம்பளமான 6 இலட்சத்து 80 ஆயிரம் டொலரையும் வீரரின் கணக்கில் சேர்க்கச் சொல்லி லீக் உத்தரவிட்டது. "உங்களுக்கும் கழகத்தில் ஒரு வேலை பார்த்துத் தருகிறோம், அங்கிள்" என்று யாராவது சொன்னால், அப்பாமார் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளவும்.

பதினெட்டு வயதில் பேரம் பேச அதிகமில்லை, முதல் ஒப்பந்தத்தின் அளவைக் கூட்டு ஒப்பந்தமே வகுத்துவிடுகிறது. பேரம் பின்னால் வருகிறது. ஒரே கழகத்தில் எட்டாண்டு முடிந்தால், விரும்பிய கழகத்துக்குப் போகும் ஃப்ரீ ஏஜென்ட் உரிமை பிறக்கும். கழகத்தில் அதிகம் சம்பளம் வாங்கும் கால்வாசிப் பேருக்கு அது கட்டுப்பாடுள்ளது, வெளிக்கழகம் தரும் விலையைப் பழைய கழகம் ஈடுசெய்தால் தடுக்கலாம். பத்தாண்டுக்குப் பின் தடை இல்லை. கழகம் விலக்கிவிட்டவருக்கு ஆண்டுக்கணக்கே தேவையில்லை. ஆகவே ஏழாம் ஆண்டில் நீட்டப்படும் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, அந்த உரிமையை இன்றைய விலைக்கு விற்பதாகும். சில வேளை நல்ல விற்பனை, சில வேளை நட்டம்.

உடம்பையும் மனத்தையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 2022இல் நீண்ட ஒப்பந்தம் போட்ட அங்கஸ் பிரேஷோ, தலையில் பட்ட அடிகளால் மருத்துவர் சொல்படி 2024 பெப்ரவரியில் ஆட்டத்தை விட்டார். 2028வரை போகவேண்டிய ஒப்பந்தம். டொம் போய்ட் 19 வயதில் ஏழாண்டு, ஏழு மில்லியன் என்ற சுமையோடு புல்டோக்ஸுக்கு வந்து, 2016 இறுதியாட்டத்தில் மூன்று கோலடித்து, 1954க்குப் பின் கழகத்துக்குக் கோப்பை கிடைக்க உதவினார். 2019இல் மனநலச் சிக்கலோடு போராடிய நிலையில், மிச்ச ஒப்பந்தத்தைக் கைவிட்டு 23 வயதில் ஓய்வு பெற்றார். அந்த எண் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வந்தது. அதைக் கொடுத்தது கழகம். எடுத்தெறிய முடியாமல் சுமந்தவர் அவர்.

கையெழுத்துக்கு முன் செய்யவேண்டியது அதிகமில்லை. முகவர் வீரர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று சங்கத்திடமே கேளுங்கள். காயத்தாலோ மருத்துவக் காரணத்தாலோ ஆட முடியாமல் போனால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கூட்டு ஒப்பந்தத்தின் விதியைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தலைப்பு எண்ணிலிருந்து வருமான வரியையும் முகவர் தரகையும் கழியுங்கள். 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு டொலரிலும் வரி மட்டும் 45 சதம். பிணக்கு வந்தால் கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் குறைதீர் தீர்ப்பாயம் உண்டு, அங்கே உங்களுக்காகப் பேசச் சங்கம் இருக்கிறது. அங்கே செல்லுபடியாவது லீக்கில் பதிவான தாள் மட்டும். வாய்மொழியாகவோ மின்னஞ்சலிலோ ஒரு வாக்கு தந்தால், அதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் கையெழுத்திடாதீர்கள்.