ஐந்து குதிரையைக் குறைக்கப் பணம் கட்டினோம்

"காசு கட்டி காடிய ஸ்லோ பண்ணுன ஒரே ஆளு நீதான்டா!"

என் அண்ணனின் நண்பர்கள் இன்றும் அவரை இப்படித்தான் கேலி செய்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. கடந்த பள்ளி விடுமுறையின்போது ஈப்போவில் ஒரு பட்டறைக்கு அண்ணனின் டர்போ காரைக் கொண்டு போனோம். காலையில் அங்குள்ள டைனோ இயந்திரத்தில் ஏற்றியபோது, சக்கரத்தில் 133 குதிரைத்திறன் காட்டியது. மாலையில் இறக்கியபோது 128. ஐந்து குதிரைத்திறன் குறைந்தது. அண்ணனின் பணப்பையில் சில நூறு வெள்ளியும் குறைந்தது. ஆனாலும் அண்ணன் சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்பினார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு லூமுட்டில். அண்ணனின் வேலை ஈப்போவில். சித்தியவான், ஆயர் தாவார், போத்தா, ஸ்ரீ இஸ்கண்டார் வழியாகப் போக வர, நாளொன்றுக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பந்தயம் ஓட வாங்கிய கார் அல்ல அது. வேலைக்குப் போகவும், அம்மாவைச் சந்தைக்கு அழைத்துச் செல்லவும் வாங்கிய பழைய உள்நாட்டுக் கார். முந்தைய உரிமையாளர் அதில் 'ரீமேப்' செய்திருந்தார். அதாவது, இஞ்சினின் கணினியான இ.சி.யூ.வில் பெட்ரோல் அளவு, பற்றவைக்கும் நேரம், டர்போ அழுத்தம் ஆகியவற்றின் அட்டவணைகளை மாற்றி எழுதியிருந்தார்.

டர்போ இப்போது வீட்டுக் கார்

ஒரு காலத்தில் டர்போ என்றால் பந்தயக் கார்தான் நினைவுக்கு வரும். இன்று அப்படியில்லை. 2011இன் இறுதியில் புரோட்டோன் எக்ஸோரா போல்ட் எனும் குடும்ப வேன் 1.6 லிட்டர் டர்போ இஞ்சினுடன் வந்தது. 2021இல் பெரோடுவா அத்திவா ஒரே ஒரு லிட்டர் டர்போ இஞ்சினுடன் வந்தது. அம்மா ஓட்டும் காரிலும் டர்போ இருக்கக்கூடிய காலம் இது.

டர்போவின் வேலை எளிது. வெளியேறும் புகை ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றும். அதே அச்சில் உள்ள இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. டர்போ அழுத்தம் 0.7 பார் என்றால், உள்ளே போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு. காற்று கூடினால் பெட்ரோலும் கூடலாம், ஆற்றலும் கூடும். கூடவே வெப்பமும் கூடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பற்றவைப்பான் கொளுத்திய தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். வெப்பமும் அழுத்தமும் அளவு மீறினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் உள்ள கலவை தானாக வெடிக்கும். இதைத்தான் பட்டறையில் 'நாக்கிங்' என்பார்கள். டின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஒலி வரும். தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். பெட்ரோல் நிலையத்தில் நாம் பார்க்கும் ரோன் 95, ரோன் 97 ஆகிய எண்கள் இந்த நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் குறிப்பவை. ரோன் 97 அதிகம் தாங்கும், விலையும் அதிகம்.

ஆயர் தாவார் அருகே ஓர் இரவு

கார் வாங்கிய புதிதில், இந்த ரீமேப் சரியா என்று நாங்களே சாலையில் சோதிக்க முடிவு செய்தோம். நான் பொறியியல் படிப்பதால் மடிக்கணினியோடு முன்னிருக்கையில் அமர்ந்தேன். இஞ்சினின் கணினியிலிருந்து வேகம், சுழற்சி, காற்றழுத்தம் எல்லாம் திரையில் ஓடின. இரவு மணி பத்துக்கு மேல். சாலை காலி. அண்ணன் மூன்றாவது கியரில் எண்ணெய் மிதியை முழுவதும் அழுத்தினார்.

60, 80, 100... சாலையின் வேக வரம்பு 90 என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். 110ஐத் தொட்டபோது, இடப்பக்கச் செம்பனைத் தோட்டத்து மண்பாதையிலிருந்து ஒரு கப்சாய் மோட்டார் வெளியே வந்தது. பின்விளக்கு இல்லை. அண்ணன் பிரேக்கை மிதித்தார். மடிக்கணினி பறந்து கண்ணாடியில் மோதியது. கார் நின்றபோது மோட்டாருக்கும் எங்களுக்கும் இடையே ஓர் ஆள் நீளம்தான் இருந்தது.

பெரியவர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். கார் சன்னலில் கை வைத்து, "தம்பி, ஆஸ்பத்திரிக்கா போறீங்க? யாருக்கும் முடியலையா?" என்று கேட்டார். இவ்வளவு வேகத்துக்கு அவருக்குத் தோன்றிய ஒரே காரணம் அதுதான். அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. "மன்னிச்சிருங்க ஐயா" என்று நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் படிவ இயற்பியல் போதும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி. பிரேக்கின் வேகக் குறைப்பு விநாடிக்கு விநாடி 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நிற்க ஏறக்குறைய 37 மீட்டர் வேண்டும். 110இல் 97 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. தூரமோ இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அந்தப் பெரியவர் அந்தக் கணக்கில் சேராமல் போனது எங்கள் திறமையால் அல்ல.

சாலையில் எதை அளக்கலாம்?

சாலையில் டியூன் செய்வதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. காரின் எடையும், வேகம் கூட எடுத்த நேரமும் தெரிந்தால் ஆற்றலைக் கணக்கிடலாம். ஆளோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார், சமதளத்தில் 60இலிருந்து 80க்கு 3 விநாடியில் போகிறது என்போம். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,51,200 ஜூல் கூடுகிறது. அதை 3ஆல் வகுத்தால் 50.4 கிலோவாட், அதாவது சராசரியாக 68 குதிரைத்திறன் அளவு. காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் வெல்லச் செலவானது இதில் சேரவில்லை.

இந்த முறையின் பலவீனம் என்ன? சாலை கொஞ்சம் சரிந்திருந்தாலும், லூமுட் கடற்காற்று எதிரே வீசினாலும் விடை மாறிவிடும். முந்தைய ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே இஞ்சின் மாறியதா, காற்று மாறியதா என்று பிரித்தறிவது கடினம். டியூனிங்கில் தேடுவதோ மிக நுண்ணிய வேறுபாடு. பற்றவைக்கும் நேரத்தை ஒரே ஒரு பாகை முன்தள்ளினால் என்ன ஆகும் என்பது போன்றது அது. அதைச் சாலையில் பார்க்க வேண்டுமானால், முழு மிதியில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். வேக வரம்புக்குள் அது முடியாது. அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமும்கூட.

உருளையின்மேல் ஓடும் கார்

டைனோ என்பது டைனமோமீட்டரின் செல்லப்பெயர். இஞ்சினின் வலுவைப் பிரேக் போட்டு அளக்கும் வழியைப் பிரெஞ்சுப் பொறியியலாளர் காஸ்பார் டி புரோனி 1821இலேயே கண்டறிந்தார். 'பிரேக் குதிரைத்திறன்' எனும் சொல்லின் வேர் அந்த வகைப் பிரேக்கில்தான் இருக்கிறது. இன்றைய பட்டறை டைனோவில் காரின் சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழல்கின்றன. காரைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். முன்னால் பெரிய விசிறி. மின்காந்தப் பிரேக் உள்ள டைனோ என்றால், உருளைக்கு வேண்டிய அளவு சுமை கொடுக்கலாம்.

டியூனர் அண்ணன் செய்து காட்டியது இதுதான். இஞ்சினை 3,000 சுழற்சியில் பிடித்து வைத்தார். மிதி எவ்வளவு அழுத்தினாலும் சுழற்சி கூடவில்லை, டைனோ விடவில்லை. பற்றவைக்கும் நேரத்தை ஒவ்வொரு பாகையாக நகர்த்தினார். முறுக்கு விசை கூடுகிறதா, நாக்கிங் தொடங்குகிறதா என்று திரையைப் பார்த்தார். காற்று இல்லை, மேடு பள்ளம் இல்லை, கப்சாய் இல்லை. மாறியது அந்த ஒரு பாகை மட்டுமே. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் படித்த 'கட்டுப்படுத்தப்பட்ட மாறி' என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுமையாகப் புரிந்தது.

133 ஏன் 128 ஆனது?

முதல் ஓட்டத்தில் 133 என்று வந்ததும் அண்ணன் துள்ளினார். டியூனர் அண்ணனின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "தம்பி, என்ன எண்ணெய் ஊத்துறீங்க?" என்றார்.

"ரோன் 95தாங்க."

"இந்த மேப் 97க்குப் போட்டது."

4,000 சுழற்சி அருகே நாக் சென்சார் திரும்பத் திரும்ப எச்சரித்தது. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் 13.2 என்று காட்டியது. பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் 14.7 பங்கு காற்று போதும். ஆனால் டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது, சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோல் விடுவது வழக்கம். விகிதம் 12ஐ ஒட்டி இருப்பது நல்லது. எங்கள் கார் அளவுக்கு மீறிய சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் அந்தச் சத்தம் எங்கள் காதில் விழவே இல்லை.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 133ஐக் காப்பாற்றிக்கொண்டு எப்போதும் ரோன் 97 ஊற்றுவது. மற்றொன்று, ரோன் 95க்கு ஏற்ப அட்டவணையைத் திருத்துவது. நாளொன்றுக்கு 160 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எது பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ரோலைச் சற்றுக் கூட்டி, பற்றவைப்பை இரண்டு பாகை பின்தள்ளினார்கள். எண் 128 ஆனது. நாக்கிங் நின்றது.

டைனோவுக்கும் தெரியாதவை உண்டு

அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலை வீட்டில் காரை முடுக்கியபோது, ஏர்கோன் போட்டதும் இஞ்சின் நடுங்கியது. செம்பனை லாரியின் பின்னால் மெதுவாகப் போய், மிதியை மெல்ல அழுத்தினால் ஒரு தயக்கம்; பிறகு ஒரு குலுக்கல். இவற்றை டைனோ காட்டவில்லை. சூடான இஞ்சினை முழு மிதியில்தான் அங்கே பெரும்பாலும் ஓட்டினோம். தினசரி ஓட்டத்திலோ முழு மிதி அபூர்வம். குளிர்ந்த இஞ்சின், சமிக்ஞை விளக்கு, நெரிசல், மழை ஆகியவைதான் அன்றாடம். விசிறி எவ்வளவு பெரியதானாலும் சாலைக் காற்றுக்கு ஈடாகாது என்பதையும் கண்டோம். பட்டறையில் அடுத்தடுத்து ஓட்டியபோது, கார் சூடேறி எண்ணும் சற்றே இறங்கியது.

ஆகவே ஒரு வாரம் அண்ணன் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தார். வேக வரம்புக்குள், எந்தச் சாகசமும் இல்லாமல். கருவி தானாகப் பதிவு செய்தது. மடிக்கணினி வீட்டில் இருந்தது. அந்தப் பதிவுகளைப் பார்த்து டியூனர் அண்ணன் இரண்டு முறை சிறு திருத்தங்கள் செய்தார். நடுக்கம் போயிற்று.

சாலையா டைனோவா என்று கேட்டால் என் பதில் இதுதான். முழுச் சுமைச் சோதனை உருளையின்மேல் நடக்கட்டும். அன்றாடப் பழக்கம் சாலையில், சட்டத்துக்குள் சரிபார்க்கப்படட்டும்.

பட்டறைக்குப் போகும் முன்

எஸ்.பி.எம். முடித்து முதல் கார் வாங்கும் கனவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்யப் போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். குதிரைத்திறன் வரைபடத்தோடு காற்று–பெட்ரோல் விகிதத்தையும் நாக்கிங் பதிவையும் கேட்டு வாங்குங்கள். ஒரு டைனோவின் எண்ணை இன்னொரு டைனோவின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் விடை மாறும். அதே டைனோவில், அதே நாளில், முன்னும் பின்னும் எடுத்த எண்களே பேசும். விளம்பரத் தாளில் உள்ள எண் இஞ்சினில் அளந்தது; டைனோ காட்டுவது சக்கரத்தில் எஞ்சியது. கியர்ப்பெட்டி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள். இஞ்சினையே மாற்றுவதென்றால் ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும்.

அண்ணன் இன்றும் அதே வழியில்தான் வேலைக்குப் போகிறார். ஆயர் தாவார் அருகே அந்த மண்பாதை வரும்போது, காலை நேரமானாலும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். ஒரு நாள் அந்தப் பெரியவரின் மோட்டார் முன்னால் போய்க்கொண்டிருந்ததாம். இப்போது அதில் பின்விளக்கு எரிகிறதாம். அண்ணன் முந்தவில்லை. அடுத்த சந்திப்புவரை அவர் பின்னாலேயே போனதாகச் சொன்னார்.