ஸ்டால்பர்க் லாயத்து ஆசான்கள்

வியன்னா நகரின் நடுவே, அரண்மனைக்கும் கடைவீதிக்கும் இடையில், ஒரு குதிரை லாயம் இருக்கிறது. ஸ்டால்பர்க் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் முதலாம் ஃபெர்டினாண்டு தன் மகன் மாக்ஸிமிலியனுக்கு வசிப்பிடமாகக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. முற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்காக வளைவுத் தாழ்வாரங்கள். கீழ்த்தளத்தில் இன்றும் சுமார் 70 லிப்பிஸானர் ஆண் குதிரைகள் நிற்கின்றன. பயிற்சிக் கூடம் தெருவுக்கு எதிர்ப்புறம் இருப்பதால், சேணம் பூட்டிய வெள்ளைக் குதிரைகள் தெருவைக் கடந்துதான் பாடத்துக்குப் போகின்றன. அவை கடக்கும்வரை வண்டிகள் காத்திருக்கும்.

ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி என்ற இந்த நிறுவனம் தன் தொடக்கத்தை 1565 என்று கணக்கிடுகிறது. ஸ்பெயினிலிருந்து வந்த குதிரை இனத்தால் அந்தப் பெயர். முதலில் மரத்தாலான பயிற்சிக்களம் இருந்தது. இன்றுள்ள கூடத்தை ஆறாம் கார்ல் பேரரசருக்காக யோசெஃப் இமானுவேல் ஃபிஷர் ஃபான் எர்லாக் 1729 முதல் 1735 வரை கட்டினார். 55 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 46 தூண்கள். அன்று மாடத்தில் அமர்ந்து பார்த்தவர்கள் அரச குடும்பத்தாரும் அவர்களுடைய விருந்தினரும்; கீழே மணலில் சவாரி கற்றவர்கள் பிரபு வீட்டுப் பிள்ளைகள். 1848இல் அதே கூடத்தில் மக்கள் பிரதிநிதிகளின் அரசியல் நிர்ணய சபை கூடியது. பேரரசின் குதிரைகள் ஓடிய மணற்களத்தில் பேரரசின் அதிகாரத்தை வரையறுப்பது பற்றி விவாதித்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

1918இல் பேரரசு வீழ்ந்தது. குதிரைகளை வளர்த்த லிப்பிஸா ஊர் இத்தாலியின் கைக்குப் போனது. ஆஸ்திரியாவுக்குக் கிடைத்த குதிரைகளுக்கு 1920இல் ஸ்டைரியா மாநிலத்துப் பீபெரில் புதிய பண்ணை அமைந்தது. பேரரசர் இல்லாத நாட்டில் பேரரசரின் சவாரியாளர்கள் எதற்கு என்ற கேள்வி எழுந்தபோது, பள்ளி அதே 1920இல் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. அன்றிலிருந்து நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் மாடத்தில் உட்காரலாம். சவாரியாளர்களோ கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்கும் ஆறாம் கார்லின் படத்துக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் செலுத்துகிறார்கள். பேரரசர்கள் போன பின்பும் கூடத்தைக் கட்டுவித்தவருக்கான மரியாதை நிற்கவில்லை.

இவ்வளவு மாறிய இடத்தில், கற்றுக்கொடுக்கும் முறை மட்டும் ஏறக்குறைய மாறவே இல்லை. புதிதாகச் சேரும் மாணவரை எலேவ் என்கிறார்கள். அவர் முதலில் கற்பது சும்மா உட்காரத்தான். அங்கவடியும் இல்லை, கையில் கடிவாளமும் இல்லை. ஆசான் நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமிடும். மாணவர் அதன் முதுகில் ஆடாமல் அசையாமல் இருக்கப் பழக வேண்டும். உடல் சமநிலை கைவரும்வரை மாதக்கணக்கில் இதுவேதான் பாடம். அத்துடன் லாயத்தைச் சுத்தம் செய்வதும் சேணங்களைத் துடைத்துப் பராமரிப்பதும் உண்டு.

அப்போது அவரைச் சுமப்பது அனுபவம் மிக்க முதிய குதிரை. சரியாக அமர்ந்து சரியாகக் கேட்டால்தான் அது அசையும். தவறாகக் கேட்டால் கேட்காததுபோல் நிற்கும். ஆக, இந்தப் பள்ளியில் இரண்டு வகை ஆசான்கள். முதிய குதிரை இளைய மனிதருக்குக் கற்பிக்கிறது. முதிய மனிதர் இளைய குதிரைக்குக் கற்பிக்கிறார். எதுவும் தெரியாத இருவரை ஒன்றாக விடுவதே இல்லை. 1939 முதல் 25 ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியை நடத்திய அலோயிஸ் போட்ஹாஸ்கி தன் நினைவு நூலில் குதிரைகளைத் தம் ஆசிரியர்கள் என்றே குறிப்பிடுகிறார். அதில் மிகை இல்லை.

எலேவ் நிலை நான்கு முதல் ஆறு ஆண்டுகள். அதைத் தாண்டியவரிடம் ஓர் இளங்குதிரையை ஒப்படைப்பார்கள். அதைத் தானே உயர்நிலைப் பயிற்சிவரை கொண்டுவந்து காட்டினால்தான் அவர் பெரைட்டர், அதாவது முழுச் சவாரியாளர். சேர்ந்த நாளிலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிடும். 1898இல்தான் பள்ளியின் முறைகள் சுருக்கமான நெறிமுறைகளாக எழுத்தில் வடிக்கப்பட்டன. அதற்கு முன்னும் பின்னும் இந்த அறிவு முதன்மையாக வாய்மொழியாகவே வந்திருக்கிறது. ஒரு பெரைட்டர் போய்விட்டால், அவர் யாருக்கும் சொல்லாமல் விட்டது அவரோடு போய்விடும்.

அந்தச் சங்கிலி அறுந்துவிடும் ஆபத்து 1945இல் மிக நெருங்கி வந்தது. குண்டுகள் விழுந்த வியன்னாவிலிருந்து ஆண் குதிரைகளை ரயிலில் ஏற்றி, மேல் ஆஸ்திரியாவின் சாங்ட் மார்ட்டினுக்குப் போட்ஹாஸ்கி கொண்டுசென்றார். 1945 மே 7 அன்று அமெரிக்கத் தளபதி பாட்டனின் முன்னால் சவாரி செய்துகாட்டி, குதிரைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டார். போட்ஹாஸ்கி 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெண்கலம் வென்றவர். பாட்டன் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகள் அடங்கிய பென்டாத்லானில் கலந்துகொண்டவர். சவாரி தெரிந்த ஒருவரிடம் சவாரி தெரிந்த இன்னொருவர் கேட்ட உதவி அது, கிடைத்தது. பள்ளி வியன்னாவுக்குத் திரும்பியது 1955இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில் பெயர்ந்த இடங்களிலும் பாடம் நடந்துகொண்டே இருந்தது. கட்டடம் இல்லாமலும் பள்ளி உயிரோடு இருக்கும், ஆசான்கள் இல்லாமல் இருக்காது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

2008 வரை இந்தச் சங்கிலியில் ஒரு பெண்கூடச் சேர்க்கப்படவில்லை. 440 ஆண்டுகளுக்கு மேல் கற்றவரும் ஆண், கற்பித்தவரும் ஆண். எலிசபெத் கூர்ட்லர் தலைமைப் பொறுப்பேற்ற மறு ஆண்டு, இரண்டு இளம்பெண்கள் நுழைவுத் தேர்வில் தேறி எலேவ் ஆனார்கள். அவர்களில் ஒருவரான ஹன்னா ஸைட்ல்ஹோஃபர் 2016இல் பெரைட்டர் நிலையை எட்டினார். எட்டு ஆண்டுகள். அவருக்காக விதி தளர்த்தப்படவும் இல்லை, இறுக்கப்படவும் இல்லை. அதே பழுப்பு நிறக் கோட்டு, அதே இருமுனைத் தொப்பி, கையில் அதே பிர்ச் மரக் கிளை, கோட்டின் பின்புறப் பையில் குதிரைக்கான சர்க்கரைக் கட்டி. குதிரைக்கு முதுகில் அமர்ந்திருப்பவர் யார் என்பது முக்கியமில்லை, எப்படி அமர்ந்திருக்கிறார் என்பதே முக்கியம். இதை மனிதர்கள் ஏற்க ஏன் இத்தனை காலம் பிடித்தது என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

லாயத்தின் வேலைமுறையும் மாறியிருக்கிறது. முன்பு குதிரைகளைச் சூடு தணிய நடத்துவது ஆட்களின் வேலை, ஒரு குதிரைக்கு ஒருவர். இன்று திறந்தவெளிக் கோடைக்கூடத்தில் பல குதிரைகளை ஒரே நேரத்தில் நடக்கவைக்கும் பெரிய நீள்வட்ட இயந்திரம் இருக்கிறது. வேலை மிச்சம், ஆனால் ஒரு குதிரையோடு பக்கத்தில் நடந்தே அதன் குணம் அறிந்த நேரமும் குறைந்திருக்கும். நகரத்துக் கல்தளத்திலேயே கிடக்காமல் குதிரைகள் இப்போது முறைவைத்து ஹெல்டன்பெர்க் கிராமப்புறத்துக்குப் போய் ஓய்வெடுக்கின்றன. இது சந்தேகமற்ற லாபம்.

பெரிய மாற்றம் பணத்தில்தான். அன்று அரசவைக் கருவூலம் செலவைப் பார்த்துக்கொண்டது; பிறகு குடியரசு. 2001 முதல் பள்ளி தனி நிறுவனம். காலைப் பயிற்சிக்கும் சீட்டு, லாயத்தைச் சுற்றிப்பார்க்கவும் சீட்டு. அரச விருந்தினர் மட்டும் கண்டதை இன்று எங்கிருந்து வந்த பயணியும் காணலாம். நான் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் காட்சிகள் கூடும்போது குதிரைக்கும் மனிதருக்கும் பயிலும் நேரம் குறைகிறதே என்ற கவலை பள்ளிக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எழுந்திருக்கிறது. அதில் நியாயம் உண்டு. 2020இல் பெருந்தொற்றால் கதவு மூடியபோது வருமானம் நின்றது. குதிரைகளின் தீனியும் ஆட்களின் சம்பளமும் நிற்கவில்லை. பார்வையாளரைப் பள்ளி எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது அப்போது தெரிந்தது.

இந்த மரபை யுனெஸ்கோ 2015இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பது கூடமோ தூண்களோ அல்ல. ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றும் அறிவு. அதற்கான கால அளவு 18ஆம் நூற்றாண்டில் இருந்ததைவிட இன்று குறையவில்லை. பீபெரில் இப்போது பிறக்கும் குட்டி கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். வெளுக்கச் சில ஆண்டுகள் ஆகும். நான்கு வயதில் வியன்னாவுக்கு வரும். முழுப் பயிற்சி முடிய மேலும் ஆறு ஆண்டுகள். இந்த ஆண்டு எலேவாகச் சேர்ந்து, அங்கவடி இல்லாமல் வட்டமடித்துக்கொண்டிருக்கும் பதினேழு வயதுப் பெண்ணிடம் அது ஒப்படைக்கப்பட்டால், இருவரும் சேர்ந்து அந்தக் கூடத்தில் முதல்முறையாகத் தேர்ச்சி காட்டும்போது அவளுக்கு வயது இருபத்தேழு ஆகியிருக்கும்.