சிறிய கேமரா



ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையைக் கேட்கிறோம், எடையைக் கேட்பதில்லை. புகைப்படக் கருவியைப் பொறுத்தவரை எடையும் ஒரு விலையே. பணத்தை ஒரு முறைதான் கொடுக்கிறோம். சுமையையோ ஒவ்வொரு பயணத்திலும் தாங்குகிறோம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், தம் தந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பெரிய கேமரா ஒன்றை வாங்கினார். முதல் மாதம் அது அவர் தோளில் தொங்கியது. அடுத்த மாதம் மேசைமேல் கிடந்தது. பின்னர் அலமாரியில் அடைபட்டது. அவருடைய பாட்டியார் மறைந்தபோது, சுவரில் மாட்டுவதற்கு நல்ல படம் ஒன்றுகூட இல்லை. இதனை அவரே என்னிடம் வருத்தத்தோடு கூறினார். கருவி வீட்டில் இருந்தது. வேண்டிய பொழுதில் கையில் இல்லை.

இத்தொல்லையை நீக்க முயன்றவர்களுள் ஒருவர் ஆஸ்கார் பர்னாக் என்னும் ஜெர்மானியர். வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர். வெளியிடங்களில் நடந்து சென்று படம் எடுப்பதில் விருப்பம் மிக்கவர். ஆனால் ஆஸ்துமா நோயால் துன்புற்றவர். அக்காலத்துக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமப்பது அவருக்கு அரிதாயிற்று. ஆகவே, திரைப்படச் சுருளில் படம் பதியும் சிறு கேமரா ஒன்றை 1914-ஆம் ஆண்டளவில் செய்தார். அதில் பதிந்த படம் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமுமே உடையது. பதிவது சிறிதாயினும் பின்னர்ப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அக்கருவியின் வழிவந்த லைக்கா 1925-இல் லைப்சிக் சந்தையில் மக்கள் பார்வைக்கு வந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. அன்று சிறியதாகக் கருதப்பட்ட அதே அளவுதான் இன்று 'முழு அளவு' எனப்படுகிறது! இன்றைய டிஜிட்டல் கேமராவில் சுருளுக்குப் பதிலாக, ஒளியை உணரும் சென்சார் என்னும் சில்லு உள்ளது. முழு அளவுச் சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். நல்ல சிறிய கேமராக்கள் பலவற்றில் உள்ள 'ஓர் அங்குல' வகையின் பரப்பு ஏறத்தாழ 116. விலை குறைந்தவற்றில் இருப்பது 28 அளவே.

பரப்பு ஏன் முக்கியம்? வயலை எண்ணிப் பாருங்கள். பெரிய வயலில் மிகுதியான மழைநீர் விழும். சிறிய வயலில் குறைவாகவே விழும். சென்சாரில் ஒளியும் அவ்வாறே விழுகிறது. பகல் வெளிச்சத்தில் குறை தெரியாது. மாலையிலும் விளக்கொளியிலும் படம் மணல் தூவியதுபோல் தோன்றும். மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டா. வயலை நூறு பாத்தியாக வகுத்தாலும் ஆயிரமாக வகுத்தாலும் பெய்யும் மழை ஒன்றே அன்றோ?

இனி எடையைப் பார்ப்போம். கேனன் 5டி மார்க் 4 என்னும் முழு அளவுக் கேமராவும், அதற்குரிய 24-70 லென்சு ஒன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1,700 கிராம். 2012-இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ்.100 மின்கலத்தோடு 240 கிராமே. சென்சார் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. எடையிலும் ஏழில் ஒரு பங்கு! இதுவே நாம் செய்யும் பண்டமாற்று.

தொலைவிலுள்ள பறவையையும், விரைந்தோடும் விளையாட்டு வீரரையும், மங்கிய மேடை நாடகத்தையும் படம் எடுப்பவர்க்குப் பெரிய கருவி தேவை. குடும்பம், பயணம், தெருக்காட்சி ஆகியவற்றை விரும்புவோர்க்குச் சிறியது போதும். கைப்பேசியின் படமே மனநிறைவு தருமாயின் வேறொன்றும் வாங்க வேண்டா.

சிறியதை வாங்குவோர் மூன்றைக் கேளுங்கள். சென்சாரின் பரப்பு என்ன? லென்சின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண் எவ்வளவு? எண் குறையக் குறைய ஒளி மிகுதியாக நுழையும். மூன்றாவது, ஜூம் எவ்வகையது? லென்சு நகர்ந்து பெரிதாக்குவதே உண்மையானது. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே.

இறுதியாக, அக்கருவியைக் கையில் எடுத்து, 'நாளைக்கும் இதனை எடுத்துச் செல்வேனா?' என்று உங்களையே கேளுங்கள். 'ஆம்' என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் மட்டுமே பெற்றோரிடம் பணம் கேளுங்கள்.