குழிக்கு மேலே நிற்பவர் யார்?

கழிவுநீர்த் தொட்டிக்குள் தொழிலாளர்கள் இறக்கும்போதெல்லாம் நாளேடுகள் ஒரே தலைப்பையே இடுகின்றன: 'விஷவாயு தாக்கி பலி'. இந்தச் சொற்றொடரில் கொலையாளி வாயுதான். அந்த ஆளை உள்ளே இறக்கியவர் யார், அவர் இறங்கும்போது மேலே நின்றவர் யார் என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை. காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கைகள் பலவும் இதே நடையைத்தான் பின்பற்றுகின்றன.

சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013-இன் கீழ் அதே ஆண்டில் இயற்றப்பட்ட விதிகள், கழிவுநீர்க் குழாய் அல்லது மலக்குழித் தொட்டி தொடர்பான வேலை நடக்கும் இடத்தில் எப்போதும் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த மூவரில் ஒருவர் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆகவே மேற்பார்வையாளர் என்பவர் வருகைப்பதிவு எடுப்பவரோ வேலையை முடுக்கிவிடுபவரோ மட்டும் அல்லர். 'நிறுத்து, இறங்காதே' என்று சொல்வதற்காகச் சட்டமே அங்கு நிறுத்தி வைத்திருக்கும் மனிதர் அவர்.

அவர் செய்ய வேண்டியவை எளிமையானவை. முதலில், மனிதர் இறங்க வேண்டிய தேவை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகளோடு இறங்குவதைக்கூட விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. இயந்திரம் எட்டாத இடத்தில் சேதமடைந்த மூடியை அகற்றுதல், கிணற்றடியில் பொருத்திய பம்புகளை எடுத்தல் போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அவை தவிர்த்த அவசியம் எதுவாயினும், உள்ளாட்சி அமைப்பின் தலைமை நிர்வாக அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தந்திருக்க வேண்டும். அடுத்து, உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும்: ஆக்சிஜன் போதுமா, நச்சு வாயு உண்டா, தீப்பற்றும் வாயு உண்டா என்று. பிறகுதான் சுவாசக் கருவி, பாதுகாப்புக் கயிறு, மேலே இழுக்கும் ஏற்பாடு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு.

காற்றைக் கருவியால் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இத்தகைய குழிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டையைப் போல நாறும். அளவு கூடும்போது மூக்கின் மோப்ப நரம்பை அது மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று தொழிலாளர் நினைக்கும் நொடியே உயிருக்கு ஆபத்து மிகுந்த நொடியாக இருக்கலாம். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும், முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதும், 'அனுபவசாலி'யை முதலில் இறக்குவதும் இங்கே எதற்கும் உதவா. ஒருவர் மயங்கி விழுந்ததும் அவரைத் தூக்க மற்றொருவர் இறங்குகிறார். அவரும் விழுகிறார். மேற்பார்வையாளர் தடுக்க வேண்டிய முதல் மரணத்தைத் தடுக்காதபோது இரண்டாவதும் மூன்றாவதும் சில நிமிடங்களில் நடந்துவிடுகின்றன.

2022 ஏப்ரல் 21 இரவு மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் அப்படித்தான் நடந்தது. மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதைச் சரிசெய்ய வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 3 பேர், ஒருவரைக் காப்பாற்ற மற்றவர் என்று அடுத்தடுத்து உயிரிழந்தனர். பம்பை எடுக்கும் வேலை விதிவிலக்கில் வருவதுதானே என்று ஒரு வாதம் எழலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். இறங்கலாம் என்பதற்குத்தான் அந்த விலக்கு, கருவியின்றி இறங்கலாம் என்பதற்கு அன்று.

மூன்றாண்டு கழித்து, 2025 மே மாதம், பல்லடத்தை அடுத்த கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் தொட்டியைச் சுத்தம் செய்த தலித் தொழிலாளர்கள் 3 பேர் இறந்தனர். ஆலை நிர்வாகத்தினர் மீது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாய்ந்தது. 1993 முதல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் இத்தகைய மரணங்கள் 200-ஐத் தாண்டிய மாநிலம் தமிழ்நாடு. பட்டியலில் முதலிடமும் நமக்குத்தான்.

இதைத் தீர்த்தமலையிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலைமேல் பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் நனைய ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். அதே மலையைச் சுற்றிய காலனிகளிலிருந்தும் மலைக்கிராமங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். மழையை நம்பிய மானாவாரி நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடாது. கட்டட வேலை, ஆலை வேலை என்று சொல்லித்தான் அழைத்துப் போகிறார்கள். போன இடத்தில் ஒரு நாள், 'இந்தத் தொட்டியை மட்டும் கொஞ்சம் பாருங்கள், தனியாகக் காசு தருகிறோம்' என்ற பேச்சு வரும். யாரைப் பார்த்து அப்படிச் சொல்வது என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறது.

அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் மேஸ்திரி. அவர்தான் ஆள் சேர்த்தவர், முன்பணம் தந்தவர், கூலியைப் பிரித்துக் கொடுப்பவர், வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்று ஒருவர் இருந்தார். கண்காணிப்பவர் என்பதே பெயரின் பொருள். தன் ஊரிலிருந்து, தன் உறவிலிருந்து ஆள் திரட்டி, கடனால் கட்டிவைத்து, துரைக்கு வேலை வாங்கித் தந்தவர் அவர். இன்றைய மேஸ்திரி பல வகைகளில் அவருடைய வாரிசு. முன்பணம் வாங்கியவனிடம் 'இறங்காதே' என்று சொல்லும் உரிமை மேஸ்திரிக்கு இல்லை. 'இறங்க மாட்டேன்' என்று சொல்லும் துணிவு தொழிலாளிக்கும் இல்லை. சட்டம் கற்பனை செய்யும் மேற்பார்வையாளருக்கும் நடைமுறையில் குழிக்கு மேலே நிற்பவருக்கும் இடையிலான தூரம் இதுதான்.

இப்பகுதியில் சட்ட விழிப்புணர்வுக்காகப் போகும்போது எங்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: 'மேஸ்திரியும் நம்ம ஜனம்தானே, அவன் மேல் கேஸ் போட்டால் ஊரில் எப்படி முகத்தைப் பார்ப்பது?' கேட்பவர்கள் இதை உறவுச் சிக்கலாகவே நினைக்கிறார்கள். இதற்குள் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. அதைப் பெரிய ஒப்பந்தக்காரர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஞ) என்று தமிழில் குறிக்கத்தக்க உட்பிரிவு 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை மலம் அள்ளும் வேலையைச் செய்யவைப்பதும், அதற்காகப் பணியமர்த்துவதும், பணியமர்த்தலை அனுமதிப்பதும் அதன்படி குற்றம். 'அனுமதிப்பது' என்ற சொல் மேற்பார்வையாளரையும் அவருக்கு மேலே இருப்பவரையும் நேராகத் தொடுகிறது. ஆனால் இச்சட்டத்தின்படி குற்றவாளி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராதவராக இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் தலித் மேஸ்திரியின் பெயர் மட்டுமே ஏறினால் அந்தச் சட்டம் வழக்கிலிருந்து கழன்றுவிடும். சிறப்பு நீதிமன்றம், முன்பிணைக்குத் தடை, துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் விசாரணை, அச்சட்ட விதிகளின் நிவாரணம் எல்லாமே அதோடு போய்விடும். தலித் ஒருவரை மேற்பார்வையாளராக வைத்திருப்பது ஒப்பந்தக்காரருக்கு மலிவான காப்பீடு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

தொட்டி சுத்தம் செய்வது 'கையால் மலம் அள்ளுதல்' என்ற வரையறைக்குள் வராது, அது 'அபாயகரமான தூய்மைப்பணி' என்ற வேறு வகை என்றும் எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. அதனால்தான் ஒரே சட்டத்தை நம்பி வழக்கை நடத்தக் கூடாது என்கிறோம்.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாதி வரம்பு இல்லை. அதன் 7-ஆம் பிரிவு, எவரும், எந்த உள்ளாட்சியும், எந்த முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, ஒருவரை அபாயகரமான தூய்மைப்பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இன்றி இறக்கினாலே அது அபாயகரமான தூய்மைப்பணி ஆகிவிடும். யாரும் சாக வேண்டியதில்லை. தொழிலாளி உயிரோடு மேலே வந்த நாளிலும் குற்றம் நடந்து முடிந்திருக்கிறது என்பதை நம் மக்கள் பலர் அறியார். முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. குற்றம் பிணையில் விட முடியாதது. நிறுவனம் குற்றம் செய்தால் அதை நடத்திய பொறுப்பாளர்களும், ஒத்திசைந்தோ அலட்சியமாகவோ இருந்த மேலாளர், இயக்குநர் போன்றோரும் குற்றவாளிகளே என்கிறது 23-ஆம் பிரிவு.

காவல்துறை வழக்கமாகக் கையிலெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவை, அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தலை. கவனக்குறைவு என்ற சொல்லையே நாங்கள் ஏற்பதில்லை. இத்தனை மரணங்களுக்குப் பிறகும், விதிகள் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், கருவியில்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குபவருக்கு அவர் சாகக்கூடும் என்பது தெரியும். தெரிந்தே செய்தால் 105-ஆம் பிரிவு வர வேண்டும். அந்த அறிவு மேஸ்திரியிடம் மட்டும் இருந்ததாகச் சொன்னால் நீதிமன்றம் நம்பலாம், நாம் நம்ப வேண்டியதில்லை.

மேலே இருப்பவரைத் தொடவே முடியாது என்ற சலிப்பு இப்பகுதியில் செல்லுபடியாகாது. அரூரை அடுத்த வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் தொடங்கிய கொடுமைக்காக வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011-இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023 செப்டம்பர் 29-இல் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், சம்பவம் நடந்தபோது பொறுப்பிலிருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அவர்கள் யாரும் களத்தில் தடி பிடித்தவர்கள் அல்லர். மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள். அந்த மலைமக்கள் 31 ஆண்டுகள் விடாமல் நின்றதால்தான் நீதி அந்தப் படி வரை ஏறியது.

அப்படியானால் மேஸ்திரியை என்ன செய்வது? தெரிந்தே இறக்கியிருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும். சொந்தச் சாதி என்பது விலக்கு ஆகாது. ஆனால் அவர் கையில்தான் பெரும்பாலான சான்றுகளும் இருக்கின்றன. தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லி மேலாளர் அழைத்த தொலைபேசி அழைப்பு, வாட்ஸ்அப் குரல்பதிவு, தனியாகத் தருவதாகச் சொன்ன தொகை, கருவி கேட்டபோது கிடைத்த பதில் ஆகியவை அவை. இவற்றை முதல் நாளே காப்பாற்றாவிட்டால் ஒரு வாரத்துக்குள் அந்த அலைபேசி 'தொலைந்துபோகும்'.

குடும்பத்தார் புகாரில் 'அடையாளம் தெரிந்த மேஸ்திரி' என்று நிறுத்திவிடாமல், உரிமையாளர், மேலாளர், ஒப்பந்தக்காரர், உள்ளாட்சி வேலையாக இருந்தால் பொறுப்புப் பொறியாளர் என்று அத்தனை பேரையும் எழுத வேண்டும். இறந்தவரின் சாதிச் சான்றிதழை உடனே இணைக்க வேண்டும். சவக்கிடங்கு வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆள் நீட்டும் வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது. 2023 அக்டோபர் 20-இல் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழி மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்தது; நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். அது உரிமை. வழக்கை விட்டுக்கொடுப்பதற்கான விலை அன்று.

காலக்கெடு ஒன்றும் உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் புகார் தரப்பட்டிருந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். வெளியூரில் இறந்தவரின் உடலைத் தீர்த்தமலைக்குக் கொண்டுவந்து, காரியங்களை முடித்து, மேஸ்திரி வீட்டாரோடு பஞ்சாயத்துப் பேசி முடிப்பதற்குள் அதில் பாதி போய்விடுகிறது.