மணலுக்குள் மிதக்கும் தண்ணீர்

கற்பிட்டிக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. இடையில் ஒடுங்கிய மணல் திட்டு. ஆறு கிடையாது, மலை கிடையாது. ஆனாலும் அந்த மணலைச் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. சுற்றிலும் உப்பு இருக்க, இது எங்கிருந்து வந்தது?

மழைதான். மணலில் இறங்கும் மழைநீர் அடியிலுள்ள கடல்நீரோடு உடனே கலந்துவிடுவதில்லை, அதன்மேல் மிதக்கிறது. ஒரு லீற்றர் நன்னீர் 1 கிலோ என்றால், கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. இந்தச் சிறு வித்தியாசமே போதும். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் நன்னீர் தொங்கும். கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. இருநூறு வருடம் கழித்து, 1880களின் இறுதியில், அவர்கள் நாட்டுப் பொறியியலாளர் பதோன் ஹைபன் அதை எழுதிவைத்தார். ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் 1901இல் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 1 மீற்றர் இறக்கினால், உப்பு 40 மீற்றர் மேலே வரப் பார்க்கும்.

இந்த இயற்கைத் தாங்கிக்கு மீற்றரும் இல்லை, பில்லும் இல்லை. கிணறு வெட்டிய செலவும் மோட்டார் செலவும் மட்டும் அவரவருடையது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற பசளையை மணலால் பிடித்துவைக்க முடியாது. மிஞ்சியது நைத்திரேற்றாகக் கீழே இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வாசனை இல்லை, ருசி இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். தோட்டக்காரர் கட்டாத பில், பக்கத்து வீட்டுப் பால்போத்தலில் வந்து விழுகிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் கற்பிட்டி இருக்கும் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். சனம் திடீரெனப் பெருகியது. மணலுக்கு அடியில் இருந்த தண்ணீர் பெருகவில்லை. 2007இல் உலக வங்கி கடனில் தொடங்கிய புத்தளம் வீட்டுத்திட்டத்தில் குடிநீரையும் சேர்க்க வேண்டியிருந்தது. 2008இல் ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புக்கொண்ட உலர்வலய நகர நீர்த்திட்டம் வவுனியா, மன்னாரோடு சிலாபத்தையும் புத்தளத்தையும் எடுத்துக்கொண்டது. புத்தளத்துக்கான தண்ணீர் வடக்கே கலா ஓயாவிலிருந்து.

ஏன் கடன்? குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே அழுத்தத்தில் சுமார் ஆறு மடங்கு தண்ணீர் போகும். ஆனால் கிடங்கு வெட்டும் கூலி ஆறு மடங்காகாது. ஆகவே இருபது, முப்பது வருடம் கழித்து வரப்போகும் சனத்துக்கும் சேர்த்து இன்றைக்கே பெரிய குழாய் புதைப்பதுதான் இலாபம். இன்னும் பிறக்காதவர்களின் பங்கை இன்றிருப்பவர்கள் கட்ட முடியாது. கடன்தான் அதைக் காலத்தில் பரப்பிப் போடுகிறது.

சிக்கல், கடன் டொலரில், பில் ரூபாயில். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணம் 2012க்குப் பிறகு 2022 வரை மாறவில்லை. அந்த 2022இல்தான் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. அந்த வருடமும் அடுத்த வருடமும் பில் ஏறியபோது வந்த கோபம் நியாயமானதே. ஆனால் பத்து வருடம் ஏறாமல் இருந்ததற்கு யாரும் கோபிக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. வீட்டில் கிணறு உள்ளவர் குளிக்கவும் துவைக்கவும் அதையே இறைத்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பைப்பைத் திறப்பார். குறைந்த அலகுக்குக் குறைந்த விலை என்பது கட்டண முறை. ஏழை வீட்டுக்காகச் செய்த ஏற்பாடு. அதே சலுகை கிணறுள்ள பெரிய வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது.

பெரிய குழாய் எட்டாத கிராமங்களுக்கு வேறு வழி. 1993இல் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய சமூக நீர்த்திட்டத்தில், கட்டுமானச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு ஊரவரின் காசும் சிரமதானமும். பிறகு நடத்துவதும் கட்டணம் வைப்பதும் ஊர்ச் சங்கம். சங்கக் கூட்டத்தில் கட்டணத்தை ஏற்றச் சொல்லி யார் எழும்புவார்? மாதக் காசு மின்சார பில்லுக்குச் சரியாகிவிடும். மோட்டார் எரிந்த அன்றைக்குத்தான் பொருளாளர் கொப்பியோடு வீடு வீடாகத் தண்டலுக்குப் புறப்படுவார்.